பென்சிலில் எழுதிய பெயர்கள்

மூன்றாம் பருவம் தொடங்கிய நாலாம் நாள் எங்கள் துறை வாசலில் ஒரு தாள் ஒட்டப்படும். மேலே 'துறைசாரா விருப்பப் பாடம்' என்று தலைப்பு. கீழே மூன்று கட்டங்கள்: வரலாற்றுத் துறை தரும் கல்வெட்டியல், ஆங்கிலத் துறை தரும் இதழியல், பொருளியல் துறை தரும் இந்தியப் பொருளாதாரம் ஓர் அறிமுகம். முதுகலைத் தமிழ் இரண்டாமாண்டுப் பிள்ளைகள் தங்கள் பெயரைப் பிடித்த கட்டத்தில் எழுத வேண்டும். காலையில் பெயர்கள் மூன்றிலும் பரவிக் கிடக்கும். எல்லாம் பென்சில் எழுத்து. மதியத்துக்குள் ரப்பர் தன் வேலையைக் காட்டிவிடும். சாயங்காலம் பார்த்தால் 28 பேரில் 24 பேர் இதழியலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஏன் என்று கேட்டால் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்வார்கள். "அங்க இன்டர்னல் தாராளமாப் போடுவாங்க சார்." "கல்வெட்டு கடைசி ஹவர்ல வருது. 3.40 பஸ்ஸ விட்டா அடுத்த பஸ் ஆறு மணிக்குத்தான்." இரண்டாவது காரணத்தை நான் ஒருநாளும் சிரித்துத் தள்ளியதில்லை. இருட்டியபின் ஊருக்குள் நடந்து போக வேண்டிய பெண்ணுக்குக் கல்வெட்டைவிடப் பேருந்து முக்கியம். ஆனால் இந்தத் தாளைத்தான் பாடத்திட்ட ஆவணங்கள் 'மாணவரின் அறிவுத் தேடலுக்கான சுதந்திரம்' என்கிற தொனியில் வருணிக்கின்றன. அந்தச் சொற்களுக்கும் அந்த ரப்பருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் விருப்பத் தெரிவு அடிப்படையிலான தகுதிப்புள்ளி முறைக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் வழிகாட்டு நெறிகள் வகுத்தது. தமிழ்நாட்டில் தன்னாட்சிக் கல்லூரிகள் சில அதற்கு முன்பே இந்த முறைக்கு வந்துவிட்டன. யோசனை அதைவிடப் பழையது. 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட் கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, என்ன படிப்பது என்பதை மாணவர் கையில் கொடுத்தார். பிள்ளைகள் எளிதான தொடக்கநிலைப் பாடங்களாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள் என்ற புகார் அங்கேயே எழுந்தது. அவருக்கு அடுத்து வந்த லோவெல், ஒரு துறையில் ஆழம், மற்றவற்றில் பரவல் என்று வரம்பு கட்டினார். ஆக, 3.40 பஸ்ஸுக்கு முன்பே இந்த நோய் இருந்திருக்கிறது.

நம் முதுகலைப் பட்டத்துக்கு மொத்தம் 90 புள்ளிகளோ அதை ஒட்டியோ இருக்கும். அதில் பிறதுறைப் பாடத்துக்குக் கிடைப்பது ஒரு தாள், மிஞ்சினால் இரண்டு. இந்தச் சின்ன இடத்தில் பெரிதாக ஏதாவது நடக்குமா என்று கேட்கலாம். நடக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கல்வெட்டியல் கட்டத்தில் தப்பிப் பிழைத்த நாலு பேரை வரலாற்றுப் பேராசிரியர் பக்கத்து ஊர்ச் சிவன் கோயிலுக்கு அழைத்துப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். கருவறைப் புறச்சுவரில் சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்த கல்லைத் தேய்த்துக் கழுவினார்கள். நனைத்த தாளை மேலே பரப்பி, தூரிகையின் மயிர்ப்பக்கத்தால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் தாளை இறக்கினார்கள். கொஞ்சம் உலர்ந்ததும் மைப்பொதியால் ஒற்ற ஒற்ற, கறுப்புக்கு நடுவில் வெள்ளையாக எழுத்துகள் எழும்பின. ஒரு மாணவி எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

அவள் நின்ற இடம் இது. ஒற்றைக்கொம்பு, பகரம், கால், னகரம். நமக்கு 'பொன' என்று தெரியும். ஆனால் பழைய கல்வெட்டிலும் ஓலையிலும் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் தனித்தனிக் கொம்பு கிடையாது. காலும் ரகரமும் ஒரே வடிவம். எனவே அந்த நான்கு கீற்றுகளைப் 'பொன்' என்றும் வாசிக்கலாம், 'போன' என்றும் வாசிக்கலாம், 'பேரன்' என்றும் வாசிக்கலாம். கோயிலுக்குக் கொடுத்தது பொன்னா, கொடுத்தவர் பேரனா என்பதை முன்பின் சொற்களை வைத்துத்தான் முடிவுகட்ட வேண்டும். அவள் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "சார், அப்போ புறநானூத்துல பாடவேறுபாடுன்னு அடிக்குறிப்புல போட்டிருக்காங்களே, அதெல்லாம் இப்படி வந்ததுதானா?"

எல்லாம் இப்படி வந்தவை இல்லை, பல இப்படி வந்தவைதான். ஆனால் மூலபாடத் திறனாய்வு என்ற தலைப்பில் ஒரு பருவம் முழுக்க நான் கரும்பலகையில் எழுதிப் போட்டும் அவளுக்குள் எழாத கேள்வி அது. அடிக்குறிப்பு என்பது தேர்வுக்கு வேண்டாத பகுதி என்ற எண்ணம் அந்தக் கல்லின் முன்னால்தான் உடைந்தது. பிறதுறைப் பாடத்தின் வலிமை என்று நான் எதையாவது சொல்வேன் என்றால் இதைத்தான் சொல்வேன். அவள் வரலாறு கற்றாளா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். தன் பாடத்தைப் புதிதாகப் பார்த்தாள்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவளிடம் அடிக்குறிப்பு என்ற ஒன்று ஏற்கெனவே இருந்தது. வெறுங்கையோடு போயிருந்தால் அந்தக் கல் அவளுக்குக் கல்தான். உ.வே.சா. கதையிலும் இதே வரிசைதான். 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பாடம் சொல்லக் கேட்டபோது, எத்தனையோ நூல்களைக் கரைத்துக் குடித்திருந்த உ.வே.சா.வுக்கு அந்தக் காப்பியம் பிடிபடவில்லை. தமிழ் தெரியாததால் வந்த தடை அன்று அது. சமண சமயம் தெரியாததால் வந்த தடை. கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிப் போய், சைவப் பின்னணியில் வளர்ந்த அவர், அந்தச் சமயத்தை அவர்களிடம் பாடம் கேட்டார். 1887-இல் பதிப்பு வந்தது. சமணம் அவருக்கு வாய்த்த விருப்பப் பாடம் என்று சொன்னால் அது மிகையாகாது. ஒரு வித்தியாசம்: அவருக்கு முதலில் முட்டுக்கட்டை வந்தது, பிறகு பக்கத்துத் துறை வந்தது. நம் பிள்ளைகளுக்குப் பக்கத்துத் துறையை முதலில் கொடுத்துவிட்டு, முட்டுக்கட்டை எப்போதாவது வரும் என்று காத்திருக்கிறோம்.

விருப்பப் பாடங்களின் பெரிய குறை அதனால் வருவதுதான். பெரும்பாலான தாள்களின் பெயர் 'ஓர் அறிமுகம்' என்று முடிகிறது. இந்தியப் பொருளாதாரம் ஓர் அறிமுகம் ஐந்து அலகில் ஐந்தாண்டுத் திட்டங்கள், வறுமை, வேளாண்மை, தொழில், வங்கி என்று ஓடும். இளங்கலைப் பாடநூலைச் சுருக்கி, அதையும் கைக்குறிப்பாக்கி, பிறதுறை மாணவர்கள்தானே என்று இறங்கி வந்து நடத்துவார்கள். படிப்பவருக்குச் செய்தி கிடைக்கும், கருவி கிடைக்காது. ஒரு பொருளியலாளர் ஓர் எண்ணை எப்படிச் சந்தேகிக்கிறார், ஒரு மானிடவியலாளர் திருவிழாவில் யாரிடம் முதலில் போய் நிற்கிறார், ஒரு வரலாற்றாளர் இரண்டு சான்றுகள் முரண்பட்டால் எதை நம்புகிறார் என்பவை கருவிகள். இவற்றில் ஒன்றைக்கூடத் தொடாமல் மூன்று மணி நேரத் தேர்வில் 75 மதிப்பெண்ணுக்கு எழுதிவிட முடிகிறது.

தமிழ்த் துறையும் இதில் யோக்கியம் கிடையாது. நாங்கள் மற்றத் துறைகளுக்குத் தரும் தாளின் பெயர் 'போட்டித் தேர்வுத் தமிழ்'. வரலாறு, வணிகவியல் முதுகலை மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 வினாக்களில் 100 தமிழுக்கு என்றால் வராமல் என்ன செய்வார்கள்? அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது, வீட்டு நிலைமை அப்படி. ஆனால் பிரித்து எழுதுக, எதிர்ச்சொல் தருக என்று நடத்திவிட்டு அதைத் துறையிடைக் கல்வி என்று கணக்கில் எழுதுகிறோமே, அந்தப் பொய் எங்களுடையது. அதே வரலாற்று மாணவருக்கு ஒரு மெய்க்கீர்த்தியை இலக்கியமாக வாசிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தால், அரசன் தன்னைப் பற்றித் தானே கட்டும் புனைவை அவர் அடையாளம் கண்டிருப்பார். அவருடைய துறைக்கே அது உதவியிருக்கும்.

விருப்பப் பாடங்கள் இப்படி ஆனதற்கு வெளியே தெரியாத காரணம் ஒன்றும் உண்டு. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு காட்டப்பட வேண்டும். மாணவர் சேர்க்கை குறையும் துறைகளில் அந்த நேரம் இடிக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் தாள் ஒட்டும் வழக்கமே கிடையாது. இரண்டு துறைத்தலைவர்கள் தேநீர் குடிக்கும் நேரத்தில் பேசி முடித்துவிடுவார்கள்: எங்கள் வகுப்பு உங்களுக்கு, உங்கள் வகுப்பு எங்களுக்கு. சம்பந்தி வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது போல. வகுப்பு முழுக்க மொத்தமாக எழுந்து அடுத்த கட்டடத்துக்குப் போகும், அங்கிருந்து ஒரு கூட்டம் இங்கே வரும். மதிப்பெண் பட்டியலில் அதற்கு 'விருப்பப் பாடம்' என்று பெயர். யாருடைய விருப்பம் என்று பட்டியல் சொல்வதில்லை.

இந்த முறையை அடியோடு எதிர்க்கும் மூத்த ஆசிரியர் ஒருவர் என்னோடு இருந்தார். "தொல்காப்பியத்தையே உரையோட முழுசா நடத்த நேரமில்ல. இதுல இதழியல் எதுக்குய்யா?" என்பார். கேலி செய்ய முடியாத வாதம். சேனாவரையத்தை அவசரமாகக் கடந்து வந்த மாணவர் பிறகு எந்தத் துறைக்குப் போனாலும் கொண்டுபோக ஒன்றும் இராது. வாரத்துக்கு நாலு மணி நேரம் என்பது சும்மா இல்லை.

ஆனால் அதே ஐயா சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை வந்ததும், கதைச்சுருக்கம் சொல்லிவிட்டுக் கனாத்திறம் உரைத்த காதைக்குத் தாவிவிடுவார். நானும் அப்படித்தான் தாவியிருக்கிறேன். அடியார்க்குநல்லார் அங்கே யாழ், பண், ஆடலாசிரியன், மேடையின் அளவு என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார். இசையின் அரிச்சுவடி தெரியாமல் அந்த உரைக்குள் காலெடுத்து வைக்க முடியாது. அறிவியல் பட்டதாரியான விபுலானந்தர் கணக்கும் ஒலியியலும் கைவந்தவராக அந்தப் பகுதிக்குள் நுழைந்தார், 1947-இல் யாழ் நூல் கிடைத்தது. ஆக, பிறதுறை வந்து தமிழின் நேரத்தைத் தின்கிறது என்பது பாதி உண்மை. நாம் தாண்டிப் போகும் தமிழ்ப் பகுதிகளுக்குள் நுழையப் பிறதுறைதான் திறவுகோல் என்பது மறுபாதி. ஐயாவிடம் இதைச் சொன்னபோது, "அப்படின்னா இசைய வை, நானும் வந்து உக்காருறேன்" என்றார். எங்கள் கல்லூரியில் இசைத் துறை இல்லை. சொல்லப்போனால் எந்தத் துறை பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் நம் பிள்ளைகளின் 'விருப்பம்'.

வேலை விஷயத்தையும் மறைக்க வேண்டாம். முதுகலை ஆசிரியர் தேர்வில் பாடப்பகுதி என்றால் முதன்மைப் பாடம்தான், விருப்பப் பாடமாக எதை எடுத்தாய் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. மறுபக்கம், துறையிடைத் தன்மையைப் பட்டத்தின் பெயரிலேயே வைத்துக்கொண்டவர்கள் படும் பாடு பெரிது. ஒரு பட்டம் இன்னொன்றுக்கு இணையா என்பதை இங்கே அரசாணைதான் சொல்ல வேண்டும். பெயரில் ஒரு சொல் கூடினாலும் 'இணைத்தன்மைச் சான்று' கேட்டு அலைய வேண்டியிருக்கும். அந்த வகையில் ஒற்றைத் தாளாக வரும் விருப்பப் பாடம் தமிழ்நாட்டுச் சூழலுக்கு நல்ல ஏற்பாடு: பட்டம் எம்.ஏ. தமிழாகவே இருக்கும், கேட்பார் இல்லை, கையில் வேறொரு கருவியும் இருக்கும். இதை நான் கோழைத்தனமாக நினைக்கவில்லை.

என்னிடம் யோசனை கேட்டு வரும் பிள்ளைகளிடம் தாளின் பெயரைப் பார்க்காதே, ஐந்து அலகில் எத்தனை இடத்தில் நீ எதையாவது செய்ய வேண்டியிருக்கிறது என்று எண்ணு என்பேன். படியெடுப்பது, எண்ணுவது, நேர்காணல் செய்து பதிவது, வரைபடத்தில் குறிப்பது, எதுவானாலும் சரி. ஒன்றுகூட இல்லையென்றால் பஸ்ஸைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள், நஷ்டம் இல்லை. இரண்டாவது, நாலாம் பருவத்தில் எழுதப்போகும் ஆய்வேட்டை மனசில் வைத்துக்கொள். தொ.பரமசிவன் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய 'அழகர் கோயில்' ஆய்வு வெறும் தலபுராணமாக நின்றுபோகாததற்குக் காரணம், கோயிலுக்கும் அதைச் சுற்றியுள்ள சாதிகளுக்கும் உள்ள உறவைக் களத்தில் போய்க் கேட்டு எழுதியதுதான். அது எந்தத் துறைக் கருவி என்று அவர் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

துறைகளுக்கும் சொல்ல ஒன்று உண்டு. விருப்பப் பாடத்தின் அக மதிப்பீட்டு 25 மதிப்பெண்ணில் பாதியையாவது மாணவரின் சொந்தத் துறையோடு அந்தப் பாடத்தை முடிச்சுப் போடும் ஒரு சிறு கட்டுரைக்கு ஒதுக்கலாம், அதை இரு துறை ஆசிரியர்களும் சேர்ந்து திருத்தலாம். எங்கள் பாடத்திட்டக் குழுவில் இதை இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் தலையாட்டினார்கள்.

கோயில் சுவரில் நின்றுபோன அந்த மாணவி, தன் ஊர்க் கல்வெட்டுகளில் கொடையாளிகளாக வரும் பெண்களின் பெயர்களைப் பற்றி ஆய்வேடு எழுதினாள். சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்கு நொபொரு கராஷிமா, எ.சுப்பராயலு, தொரு மத்சுயி மூவரும் சேர்ந்து 1978-இல் வெளியிட்ட பெயரடைவை வரலாற்றுத் துறையிலிருந்து இரவல் வாங்கிப் பார்த்துப் பார்த்து எழுதினாள். நான் வழிகாட்டிய ஆய்வேடுகளில் நானே உட்கார்ந்து கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். கல்வெட்டியலில் அவளுக்கு 58 வந்தது. இதழியல் எடுத்தவர்களில் 80-க்குக் குறைந்தவர் யாரும் இல்லை. வகுப்பின் முதலிடம் அதனால் கைவிட்டுப் போனது. அன்று எடுத்த மைப்படி சுருட்டியபடி எங்கள் துறை பீரோவின் மேல் தட்டில் கிடக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் தாள் ஒட்டும் நாளில் அதை இறக்கி மேசையில் விரித்து, 'பொன்', 'போன', 'பேரன்' மூன்றையும் காட்டுவேன். பிள்ளைகள் குனிந்து பார்ப்பார்கள், விரலால் தடவுவார்கள். பிறகு யாராவது ஒருத்தர் கேட்பார்: "அந்த அக்காவுக்கு மார்க் எவ்ளோ சார் வந்துச்சு?" பொய் சொல்வதில்லை, 58 என்பேன். ரப்பர் கைமாறும். போன ஆண்டு, சொன்ன பிறகும், இரண்டு பேர் அழிக்கவில்லை. ஒருத்தி பேனாவால் மேலெழுதியிருந்தாள்.