எல்.எல்.சி. எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

அமெரிக்காவில் சிறுதொழில் தொடங்குகிறவர் காதில் முதலில் விழும் அறிவுரை, "எல்.எல்.சி. ஒன்று பதிந்துவிடு" என்பதுதான். எல்.எல்.சி. என்பது உரிமையாளரின் பொறுப்பை வரையறுக்கும் நிறுவன வடிவம். வரி குறையும், வழக்கோ கடனோ வந்தாலும் வீடு தப்பும், டெலவேர் மாநிலத்தில் பதிந்தால் இன்னும் விசேஷம். சொல்லப்படும் இந்த மூன்று காரணங்களில் ஒன்று பாதி உண்மை. மற்ற இரண்டும் பெரும்பாலோருக்குப் பொருந்தாதவை.

வரியை முதலில் பார்ப்போம். 1977இல் வயோமிங் மாநிலம் பெற்றெடுத்த இந்த வடிவத்துக்கு மத்திய அரசு இன்றுவரை தனி வரிமுறை வகுக்கவில்லை. உரிமையாளர் ஒருவரே என்றால், அவர் வேறு முறையைத் தேர்ந்தெடுக்காதவரை, வருமான வரி விஷயத்தில் வரித்துறையின் கண்ணுக்கு அந்த எல்.எல்.சி. தெரியாது. லாபம் அவருடைய சொந்தக் கணக்கில் ஏறும், 15.3 சதவீத சுயதொழில் வரியும் அப்படியே. செலவுக் கழிவோ, எதையும் பதியாத தனி வியாபாரிக்கும் உண்டு. "எனக்கு மிச்சமானதே" என்பவர் அநேகமாக எஸ் கார்ப்பரேஷன் என்ற வேறொரு முறையில் வரி கட்டத் தேர்ந்தவராக இருப்பார். அதற்கும் தனக்கே நியாயமான சம்பளம் போட்டுக்கொள்ள வேண்டும், தனிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். லாபம் சொற்பமென்றால் கணக்கர் கூலியே அந்த மிச்சத்தைத் தின்றுவிடும்.

டெலவேர் மோகத்துக்கு ஒரு கணக்குப் போதும். கலிபோர்னியாவில் கடை வைத்திருப்பவர் டெலவேரில் பதிந்தால் அந்த மாநிலத்துக்கு ஆண்டுக்கு 300 டாலர் வரி கட்டுவார். தன் மண்ணில் தொழில் செய்வதற்குக் கலிபோர்னியா ஆண்டுதோறும் கேட்கும் 800 டாலரும் அவரை விடாது.

வீடு தப்பும் என்ற பாதி உண்மைக்கு வருவோம். ஊழியர் வேனை ஓட்டிப்போய் ஒருவரை இடித்தால் நிறுவனத்தின் சொத்து போகலாம். முதலாளியின் வீடு பொதுவாகத் தப்பும். வேனை ஓட்டியவர் முதலாளியே என்றால்? தன் கையால் செய்த தவறுக்குத் தானே பொறுப்பு. பெயர்ப்பலகையில் மூன்றெழுத்து சேர்ந்ததால் அது மாறாது. வங்கியும் சும்மா கடன் தராது, சொந்த ஜாமீன் கேட்கும். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டவர் அந்தக் கடனைப் பொறுத்தவரை எல்.எல்.சி. தந்த வேலியைத் தானே பிடுங்கிவிட்டார். கடைப் பணத்தில் வீட்டு மளிகை வாங்கி இரண்டு கணக்கையும் கலந்துவிட்டால் நீதிமன்றமும் அந்த வேலியைப் புறக்கணிக்கக்கூடும்.

அப்படியானால் எல்.எல்.சி. வீணா? இல்லை. எதையும் பதியாமல் இருவர் கூட்டாகத் தொழில் செய்தால், ஒருவர் தொழிலுக்காக வாங்கும் கடன் மற்றவர் தலையிலும் விழும். எல்.எல்.சி.யின் உண்மையான பலம் இங்கேதான், பிறர் செய்கையிலிருந்து காப்பதில். விளம்பரங்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை. வரி மிச்சம் என்றால்தானே ஆள் வருவார்கள்!

வீட்டிலிருந்து தனியாளாகக் கணக்கு எழுதிக்கொடுக்கும் கலிபோர்னியாக்காரர் முதலில் தொழில்பொறுப்புக் காப்பீடு எடுக்கட்டும், பதிவு காத்திருக்கலாம். இரண்டு வேன், நான்கு ஆள், ஒரு கூட்டாளி என்று கேட்டரிங் நடத்துபவர் காத்திருக்கக் கூடாது. அவருக்கு எல்.எல்.சி.யும் வேண்டும், காப்பீடும் வேண்டும், கூட்டாளியோடு எழுத்தில் ஒப்பந்தமும் வேண்டும்.