சோலார் தொப்பியா, நெட்டித் தொப்பியா?

பழைய தொப்பிகளைப் புதிதாக விரும்பி அணியும் இளைஞர் சிலர், தோட்டத் துரைமாரின் வெண்தொப்பியைச் ‘சோலார் தொப்பி’ என்கின்றனர். கதிரவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் வந்த பெயர் என விளக்கமும் தருகின்றனர். அது பொருந்தாது. ‘சோலார்’ என்பது ‘சோலா’ என்னும் வடநாட்டுச் செடிப்பெயரின் திரிபு. நீர்நிலைகளில் வளரும் அச்செடியைத் தமிழர் நெட்டி என்பர். அதன் தண்டின் எடை குறைந்த, வெண்மையான உட்பகுதியே தொப்பியாயிற்று. தஞ்சையில் அதே நெட்டியால் கோயில் உருவங்கள் செய்வர். பொங்கலின்போது மாட்டுக்கு மாலையும் கட்டுவர்.

19ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு வந்து, பத்து காவான் வட்டாரக் கரும்புத் தோட்டங்களில் உழைத்த தஞ்சைப் பகுதியார்க்கு நெட்டி புதிதன்று. அவர்கள் அஞ்சி நோக்கிய அதிகாரச் சின்னம், ஊரில் மாட்டுக்குச் சூட்டிய பொருளே. தொப்பி அணிவதில் குற்றமில்லை. ‘நெட்டித் தொப்பி’ என்று வழங்கினால் இவ்வுண்மையும் மாணவர்க்கு விளங்கும்.