பூச்சு போன ரிவால்வரை எடுக்கலாமா?

செட்டியார்பட்டி, சேத்தூர் பக்கம் லைசென்ஸ் துப்பாக்கி என்றால் தோப்புக் காவலுக்கு வைத்திருக்கும் இரட்டைக் குழல்தான் நினைவுக்கு வரும். ரிவால்வர் வசதியான சில வீடுகளில் மட்டும் இருந்தது. வைத்திருந்தவர் காலமாகி, வாரிசுகள் தங்கள் பெயரில் லைசென்ஸ் எடுக்க விரும்பாதபோது அது விலைக்கு வருகிறது. தோலுறையிலிருந்து உருவினால் கருநீலப் பூச்சு பாதி போயிருக்கும். "பூச்சுதானே போயிருக்கு, விலையைப் பார்த்துப் போடுங்க" என்று பேரம் தொடங்கும். பூச்சை வைத்தே விலை பேசி, அதோடு சோதனையையும் முடித்துக்கொள்ளும் வழக்கம் இது. விலை பேசுகிற அளவில் இதைத் தவறென்று சொல்ல மாட்டேன். வாங்கலாமா என்ற முடிவையும் இதை வைத்தே எடுப்பதுதான் ஆபத்து.

கருநீலப் பூச்சு என்பது எஃகின் மேற்பரப்பிலேயே உண்டாக்கப்படும் மெல்லிய ஆக்சைடு படலம். துருவைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை. குழலின் வலிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. குழல் முனையிலும் சிலிண்டரின் விளிம்பிலும் மட்டும் வெள்ளை எஃகு தெரிந்தால், உறையில் போட்டு எடுத்த தேய்வு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இடுப்பில் நிறைய நாள் இருந்து, சுட்டது குறைவாக இருந்த துப்பாக்கிகள் இப்படித்தான் இருக்கும். உள்ளே பழுதில்லாத ஒன்று, வெளித் தோற்றத்துக்காக விலை இறங்குகிறதென்றால் வாங்குகிறவருக்கு அது நல்ல வியாபாரம்.

இந்தியாவில் இந்தக் கணக்குக்குக் கூடுதல் அழுத்தம் உண்டு. .38, .455 போன்றவை தடை செய்யப்பட்ட துளை அளவுகள். சாதாரண லைசென்ஸில் பெரும்பாலும் கிடைப்பது .32 ரிவால்வர். தனியார் இறக்குமதி 1980களின் நடுவில் அடைபட்டதால், அதற்கு முன் வந்த வெப்ளி அண்டு ஸ்காட், ஸ்மித் அண்டு வெசன் துப்பாக்கிகள்தான் திரும்பத் திரும்பக் கைமாறுகின்றன. கான்பூர் அரசு ஆயுத ஆலையின் .32 ரிவால்வரும் வெப்ளியைப் போல நடுவில் மடங்கித் திறப்பதுதான். அங்கே தயாராகி 2014-இல் வந்த 'நிர்பீக்' ரிவால்வர் புதிதாகவே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் விற்றது. ஆனாலும் 'அந்தக் காலத்து இரும்பு' என்ற பேச்சுக்கு மயங்கி, பழையதுக்கு அதைவிடப் பல மடங்கு கொடுக்கிறார்கள். அரிதான பொருள் என்றதும் சோதிக்கும் பொறுமை போய்விடுகிறது.

தேய்வு வேறு, துருக்குழி வேறு. நகத்தால் வருடினால் தேய்ந்த இடம் வழுவழுப்பாக ஓடும். துருக்குழி நகத்தைப் பிடிக்கும். கைப்பிடித் தகடுகளைக் கழற்றிப் பார்ப்பது நல்லது, வியர்வை உப்பு இறங்கித் தங்குவது அங்கேதான். வருடக்கணக்கில் தோலுறைக்குள்ளேயே கிடந்திருந்தால், தோல் உறிஞ்சி வைத்த ஈரம் ஒரு பக்கத்தையே அரித்திருக்கும். தேர்தல் காலத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வதும் ஒரு காரணம். 2024 மக்களவைத் தேர்தலுக்கு அறிவிப்பு வந்தது மார்ச் 16. வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. தமிழ்நாடு ஏப்ரல் 19-ஆம் தேதியே வாக்களித்து முடித்தாலும், ஒப்படைத்த துப்பாக்கி முடிவு வரும்வரை உரியவர் கைக்கு வராது. எண்ணெய் பூசாமல் உறையோடு கொடுத்துவிட்டால் அத்தனை நாளும் அது அப்படியே கிடக்கும்.

நம் ஊர் பேரத்தில் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் பெயரும் அடையாள எண்ணும் இல்லாத துப்பாக்கியை விற்கக் கூடாது. எண் அழிந்த துப்பாக்கி ஒருவர் வசம் இருந்தால், மறுத்து நிரூபிக்காதவரை அவரே அழித்ததாகச் சட்டம் அனுமானிக்கும். துரு எண்ணைத் தின்றிருந்தாலும் அதைக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டியவர் வாங்கியவர்தான். அதனால் குழலின் உட்புறத்தையும் எண் பொறித்த இடத்தையும் பார்க்கும்போது நான் முதலிடம் எண்ணுக்கே தருவேன். லைசென்ஸ் புத்தகத்தில் இருப்பதோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்க்க வேண்டும்.

இதே காரணத்தால்தான் புதிதாகப் பூச்சேற்றிப் பளபளக்கும் பழைய ரிவால்வர் எனக்கு அதிகச் சந்தேகத்தைத் தருகிறது. பூச்சேற்றுமுன் எஃகை மெருகு போட்டுத் தேய்ப்பார்கள். குழிகள் மறையும்; கூடவே முத்திரைகளின் விளிம்பும் மழுங்கும். எழுத்துகள் கரைந்ததுபோல் தெரிந்தால் அது அப்படித் தேய்த்ததன் தடயம். பூச்சு போனதையே வாங்கி, பிறகு பக்கத்து முலாம் கடையில் நிக்கல் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பது இன்னும் மோசம். துப்பாக்கியைப் பழுது பார்க்கவே 5-ஆவது பிரிவின்படி லைசென்ஸ் வேண்டும். நல்ல வேலைக்காரர் என்பதற்காக லைசென்ஸ் இல்லாத பட்டறையில் கொடுத்தால் இருவரும் மாட்டுவார்கள்.

தோட்டா இல்லை என்பதை ஒவ்வோர் அறையாகப் பார்த்து உறுதி செய்த பிறகே மற்றச் சோதனைகள். ஹேமரை ஏற்றும்போது சிலிண்டர் ஒவ்வோர் அறைக்கும் சரியாக வந்து பூட்டுகிறதா, பூட்டியபின் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். மடங்கும் வகையென்றால் மூடிய நிலையில் குழலைப் பிடித்து அசைத்தால் கீல் தளர்ந்திருப்பது தெரிந்துவிடும். வெளியே பூச்சு முழுதாக இருந்து கீல் ஆடுகிற துப்பாக்கியைவிட, பூச்சே இல்லாமல் கீல் இறுகி நிற்பதைத்தான் நான் எடுப்பேன். பழைய வெளிநாட்டு மாடலுக்கு உதிரிபாகம் தேடுவது அவ்வளவு பாடு.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப்பின் ஒருவர் மூன்றுக்குப் பதில் இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம். தோப்புக்கு ஒன்று ஏற்கெனவே இருப்பவருக்கு மிச்சம் ஒரே இடம். அந்த இடத்தில் எண் மங்கிய, குழி விழுந்த ரிவால்வரைப் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வைக்கக் கூடாது. வெறும் உறைத் தேய்வு என்றால் தாராளமாகப் பேரம் பேசி எடுக்கலாம். தனியாரிடம் வாங்கும்போது விற்பவர் மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற முடியும். முன்பணத்தை அவசரமாக நீட்டாமல், அந்த இடைவெளியிலேயே உரிமையாளரை உடன் வைத்துக்கொண்டு லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் ஒருமுறை காட்டிவிடலாம்.