ஒரு கோயிலும் முப்பது கித்தான்களும்

க்ளாட் மோனே என்ற பிரெஞ்சு ஓவியர் ருவான் நகரத்து மாதா கோயிலை எண்ணெய் வர்ணத்தில் முப்பது தடவைக்கு மேல் எழுதியிருக்கிறார். காலைப் பனியில் ஒன்று, நல்ல வெயிலில் ஒன்று, மூட்டத்தில் ஒன்று. கோயில் ஒன்றுதான், பெரும்பாலும் அதே முகப்பு, அதே வாசல். கண் முன் நிற்கிற கணத்தை அப்படியே பிடித்து வைத்தவர் என்று அவரைப் புகழ்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. புதிதாகக் கதை எழுத வருகிற பிள்ளைகள்கூட, பார்த்ததைப் பார்த்த மாத்திரத்தில் எழுதிவிட வேண்டும் என்பதற்கு அவரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். கூண்டில் ஏற்றினால் அவர் அந்தச் சாட்சியம் சொல்லமாட்டார் என்பது என் அபிப்பிராயம். ருவான் படங்கள் எப்படி உருவாயின என்று பார்த்தாலே போதும்.

1892 பிப்ரவரியில் அவர் ருவானுக்குப் போனார். வயது ஐம்பத்தொன்று. வைக்கோற் போர்களை வரிசை வரிசையாக எழுதிப் பெயரும் பணமும் கண்டிருந்த சமயம். கோயிலுக்கு எதிர்ச் சாரியில் வாடகைக்கு இடம் பிடித்தார். பிடித்த இடங்களில் ஒன்று பெண்கள் உடை விற்கிற கடையின் மாடி. உடையைப் போட்டுப் பார்க்க வந்த சீமாட்டிகள் ஜன்னலோரத்தில் ஓர் ஆண்பிள்ளை உட்கார்ந்திருப்பதைக் கண்டு கூச்சப்பட்டார்கள். நடுவே ஒரு தட்டி வைத்து மறைத்தார்களாம். ஐரோப்பிய ஓவியத்தின் பெரிய காரியங்களில் ஒன்று தட்டிக்கு இந்தப் பக்கம் நடந்துகொண்டிருக்க, அந்தப் பக்கம் இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்த விவரம் மிகவும் பிடித்திருக்கிறது.

ஜன்னல் கோயிலுக்கு வெகு அருகில் இருந்தது. முழுக் கோயில் கண்ணில் அடங்காது. அடக்கவேண்டும் என்று அவர் பிரயாசைப்படவும் இல்லை. 1876ல் முடிந்த இரும்புக் கூர்ங்கோபுரம், 151 மீட்டர் உயரம், சில வருஷங்கள் உலகத்திலேயே உயரமான கட்டடம் என்று ஊரார் பெருமை பேசியது, முகப்பை நேரே காட்டும் படங்களில் கிடையாது. தென்புறத்தில் ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்று ஒன்று உண்டு. ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலத்தில் வெண்ணெய் தின்ன அனுமதி வேண்டி ஜனங்கள் கட்டிய காசில் எழும்பியதாம். நாவின் ருசியைக் கல்லாக்கிய அந்த அதிசயத்தையும் அவர் படத்தின் விளிம்பில் தயங்காமல் வெட்டிவிடுகிறார். சிலைகள் வெறும் தீற்றல்கள். வாசலில் ஆள் நடமாட்டம் அநேகமாக இல்லை. எஞ்சியது ஒரு சுவரும் அதன்மேல் விழுகிற வெளிச்சமும்.

வெளிச்சம் நகர நகரக் கித்தானை மாற்றிக்கொண்டே இருப்பார். 1893ல் பதினான்கு கித்தான்களோடு மல்லுக்கட்டுவதாக வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இவ்வளவு தூரம் கேட்டால் கணத்தைப் பிடிக்கிற வேட்டைக்காரர் கதை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கையிலிருந்தது எண்ணெய் வர்ணம். அது அவசரத்துக்கு உதவாத சரக்கு. தண்ணீர் வர்ணம் ஈரம் ஆவியானதும் காய்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வர்ணம் அப்படி அல்ல. காற்றை மெல்ல உண்டு உண்டு இறுகவேண்டும். கனமாக அப்பினால் நாட்கணக்கு, வாரக்கணக்கு. காயுமுன் அதன்மேல் வேறு நிறத்தை வைத்துப் பிசைந்தால் இரண்டும் கலந்து சேறாகும். மோனேயின் முகப்புக்களிலோ வர்ணம் காரை பூசினாற்போலத் தடித்து, கரடுமுரடாக நிற்கிறது. காய்ந்த மேடுகளின் மேல் மற்றொரு நிறத்தை, அரைகுறையாகத் தோய்ந்த தூரிகையால் உரசி இழுத்திருக்கிறார். கீழ் நிறம் பள்ளங்களில் தெரிகிறது. வாசல் வளைவில் ஒரு கீற்று வெயில் தங்குவது சில நிமிஷம். அதை எழுதிய வர்ணம் காய எத்தனையோ நாள். இதில் கணம் எங்கே வந்தது?

1892 வசந்தத்தில் திருப்தியில்லாமலே வீடு திரும்பினார். கோயில் தம்மேல் இடிந்து விழுவதாகவும், அது நீலமாகவோ ரோஜா நிறமாகவோ மஞ்சளாகவோ தெரிந்ததாகவும் அங்கிருந்தபோது கனவு கண்டிருக்கிறார். அடுத்த பிப்ரவரியில் மறுபடியும் ருவான். ஏப்ரல் வரையில் பாடுபட்டும் முடியவில்லை. எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு ஜிவெர்னியில் இருந்த தம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கே, தம் ஓவியக்கூடத்தில், ஒன்றின் அருகில் ஒன்றை வைத்துப் பார்த்துப் பார்த்து 1894ல் முடித்தார். அநேகமாக எல்லாப் படங்களிலும் அவர் கையெழுத்தின் பக்கத்தில் இருக்கும் வருஷம் 94தான்.

நான் சொல்ல வந்தது இந்த 1894ஐப் பற்றித்தான். அந்த வருஷம் அவர் எதிரே கோயில் இல்லை. பனியும் இல்லை, வெயிலும் இல்லை. இருந்தவை மற்றப் படங்கள். ஒரு நீலம் எவ்வளவு நீலமாக இருக்கவேண்டும் என்பதை ருவானின் காலை நேரம் தீர்மானிக்கவில்லை. பக்கத்தில் சாத்தி வைத்த சாம்பல் நிறப் படம் தீர்மானித்தது. எட்டாம் அத்தியாயத்தில் ஒரு பாத்திரம் எத்தனை சொல் பேசலாம் என்பதை ஏழாம் அத்தியாயம் முடிவு செய்கிற மாதிரி. வாழ்க்கையில் அந்த மனுஷன் எத்தனை பேசினான் என்ற கணக்கு அங்கே செல்லாது. கதை எழுதிப் பழகியவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை.

மோனே இதையெல்லாம் தண்டோராப் போடவில்லை. 1880ல் ஒரு பத்திரிகைக்காரர் ஓவியக்கூடத்தைக் காட்டச் சொன்னபோது, தமக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று சாதித்தவர் அவர். வெட்டவெளியே என் கூடம் என்பது அவர் கட்டி வளர்த்த கீர்த்தி. வியாபாரத்துக்கும் அது உதவியது. அந்தக் கீர்த்தியைத்தான் நம்மவர்கள் சித்தாந்தமாக எடுத்துக்கொண்டார்கள்.

இதே காரியத்தை ஒளிவு மறைவில்லாமல் செய்தவர் ஒருவர் ஹாலந்தில் அவருக்கு இரண்டரை நூற்றாண்டு முன்னால் இருந்தார். பீட்டர் ஸான்ரெடாம் என்று பெயர். கோயில்களை எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர். முதலில் கோயிலுக்குள் உட்கார்ந்து கோட்டுச் சித்திரம். பிறகு அளவுகளை வைத்துக்கொண்டு, பலகையின் அளவுக்கே கணக்குப் பிசகாத ஒரு வரைபடம். அந்தத் தாளின் முதுகில் கரி பூசிப் பலகைமேல் வைத்துக் கோடுகளை இறக்குவார். அதற்குப் பிறகுதான் எண்ணெய் வர்ணம். தாள்களில் தேதியும் எழுதிவைப்பார். பிறந்த ஊரான அஸென்டெல்ஃப்ட் கோயிலை 1634ல் வரைந்தார், 1643ல் கணக்கிட்டார், 1649ல் வர்ணத்தில் முடித்தார். பதினைந்து வருஷம்! வெள்ளையடித்த சுவர்கள், பிரசங்கம் கேட்கிற ஒரு சிறு கூட்டம், முன்னால் தரையில் ஒரு கல்லறைப் பலகை. அது அவருடைய தகப்பனாருடையது. பையனுக்குப் பத்து வயசிருக்கும்போதே போய்விட்டவர். படம் முழுவதும் பளிச்சென்று நிதானமாக இருக்கிறது, யாரும் அழவில்லை.

ஸான்ரெடாமின் பக்கத்தில் வைத்தால் மோனேக்குக் கோயில் என்றால் என்னவென்று தெரியாது என்று சொல்லத் தோன்றும். வைக்கோற் போரும் கோயிலும் அவருக்கு ஒன்றே, கல் கரைந்துவிட்டது, கடவுள் வெளியேறிவிட்டார் என்று குற்றம் சாட்டுகிறவர்கள் உண்டு. பாதி உண்மை. அவர் பக்திமான் அல்ல. நடு வெயிலில் நீலமும் பொன்னுமாக இருக்கிற படங்களை எடுத்துக்கொண்டால் எனக்கும் குறைதான். நெய் மிதக்கிற அல்வா மாதிரி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஆனால் வெயிலில்லாத படங்கள் வேறு. அங்கே காட்டி மயக்குவதற்கு ஒளி இல்லை. திரும்பத் திரும்பப் பூசிய வர்ணம் பாறைப்பட்டு, அதுவே கல்லாகிவிடுகிறது. எத்தனையோ தலைமுறை மழை குடித்த சுவர் என்று நம்புகிறோம். கண்ணால் ஒரு நொடி கண்டதனால் வருகிற நம்பிக்கை அல்ல அது. மூன்று வருஷம் விடாமல் உழன்ற கையினால் வருவது.

1895 மே மாதம் பாரிஸில் டியூரான்-ரூயெல் கடையில் இருபது கோயில் படங்களை ஒன்றாக மாட்டினார்கள். சிதறிப்போவதற்குள் வந்து சேர்த்துப் பார்த்துவிடு என்று பிஸாரோ தம் மகனுக்கு எழுதினார். மோனேயின் சிநேகிதரான கிளெமான்ஸோ, இந்த வரிசையை முழுசாக அரசாங்கம் வாங்கவேண்டும் என்று தம் பத்திரிகையில் வாதாடினார். அரசாங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படங்கள் ஆளுக்கொன்றாகப் போயின. கமோன்டோ என்ற தனவந்தர் மாத்திரம் நான்கை வாங்கினார். அவை அவர் உயிலின்படி பின்னால் தேசத்துக்குச் சேர்ந்தன. அரசாங்கம் தானாக ஒரு ருவான் படத்தை விலைகொடுத்து வாங்கியது 1907ல். வாங்கியது பொன்னும் நீலமுமான படத்தை அல்ல. வெயிலே படாத பழுப்பு முகப்பை.