சோலார் தகடு கழுவும் தொழில்

மடத்துக்குளம், உடுமலை வட்டார மில் கூரைகளில் சோலார் தகடுகள் பெருகப் பெருக, அவற்றைக் கழுவும் சிறுதொழிலுக்கும் இடம் பிறக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் புழுதியும் பஞ்சுத் தூசும் படிந்தால் மின்சாரம் குறையும். வேலை விடியற்காலையில்தான், ஏனெனில் வெயிலில் சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். போர்வெல் தண்ணீரின் உப்பு வெள்ளைத் திட்டாகக் காய்ந்துவிடும். அதனால் உப்பு நீக்கிய நீர் ஊற்றி, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, ரப்பர் வைப்பரை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கோடு விழாமல் இழுப்பது அழகான கைத்திறன்.

தொழிலைப் பெருக்க விளம்பரத்தைவிட மாத ஒப்பந்தமே நல்ல வழி. ஒரு மில் நிலைத்தால் இரண்டாவது தண்ணீர் மோட்டாரும் கூடுதல் ஆளும் கட்டுப்படியாகும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். அதற்கெல்லாம் முன்பே வாங்க வேண்டியது, கூரையேறுபவருக்கான பாதுகாப்பு பெல்ட்.