நழுவலிலும் ஒரு நேர்த்தி

தருமபுரி வானொலியை 102.5-இல் வைத்துவிட்டால் நாள் முழுக்க அப்படியே கேட்கலாம். பழைய ஹாம் (அமெச்சூர் வானொலி) செட்டில் அந்தச் சொகுசு கிடையாது. ஆன் செய்த கொஞ்ச நேரத்துக்கு அலைவரிசை நழுவிக்கொண்டே இருக்கும். அந்த நழுவலில்தான் கட்டியவரின் கைவண்ணம் தெரியும்.

ஹைதராபாத்தின் அஷ்ஹர் பர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ்20 செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விஎஃப்ஓ, அதாவது அலைவரிசையை நகர்த்தும் ஆஸிலேட்டர்; அதன் காயில் சுற்றப்படுவது தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நைலான் வாஷரின் மேல்! தருமபுரி கடைத்தெருவில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பார்த்தால் சிக்கனம்போலத் தோன்றும். ஆனால் காயில் சுற்ற உதவும் ஃபெரைட்டின் காந்தக் குணம் சூட்டுக்கேற்ப மாறும்; நைலானில் அந்தத் தொல்லை இல்லை.

விஎஃப்ஓவின் 4 மெகாஹெர்ட்ஸோடு ஃபில்டரின் 10-ஐக் கூட்டினால் 14. அதுதான் 20 மீட்டர் பேண்ட். காயிலின் இண்டக்டன்ஸ் பத்து லட்சத்தில் 50 பங்கு கூடினாலே அந்த 4 மெகாஹெர்ட்ஸில் 100 ஹெர்ட்ஸ் இறங்கிவிடும். காயிலின் செம்பு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 17 பங்கு விரியும்; இண்டக்டன்ஸும் அதற்கேற்பக் கூடும். ஆக, மூன்று டிகிரி ஏறினாலே போதும். எதிரில் பேசுபவரின் குரல் மெலிந்து கீச்சென்று ஆகிவிடும். மார்கழி விடியலுக்கும் சித்திரை மதியத்துக்கும் நடுவே இந்த ஊரில் எத்தனை மூன்று டிகிரிகள்!

இதற்கு மாற்று மருந்து என்750 கெப்பாசிட்டர். சூடு ஒரு டிகிரி ஏறினால் இதன் மதிப்பு பத்து லட்சத்தில் 750 பங்கு குறையும். காயில் கீழே இழுக்க, இது மேலே தள்ளும். குழம்பில் புளியைப்போல அளவு பிசகக்கூடாது. கொஞ்சம் கூடினாலும் அலைவரிசை எதிர்த்திசையில் ஓடும்.

அளவு சரியாக இருந்தாலும் கதை முடியாது. சின்ன கெப்பாசிட்டர் சட்டென்று சூடேறும், காயில் மெதுவாக ஏறும். அதனால் அலைவரிசை முதலில் மேலே தாவி, பிறகு நிதானமாகப் பழைய இடத்துக்கு இறங்கும். தேர்ந்த கை அந்தக் கெப்பாசிட்டரைக் காயிலை ஒட்டியே வைத்து, இரண்டையும் ஒரே பெட்டிக்குள் மூடிவிடும். இரண்டும் ஒரே வேகத்தில் சூடேறும்போது தாவலும் அடங்கிவிடும்.

1970-களின் கென்வுட் டிஎஸ்-520 செட் இந்த நழுவும் குணத்தை ஒளிக்கவில்லை. ஆன் செய்து ஒரு நிமிடம் கழிந்தபின் முதல் ஒரு மணி நேரத்தில் 1 கிலோஹெர்ட்ஸுக்குள், அதன்பின் எந்த அரை மணியிலும் 100 ஹெர்ட்ஸுக்குள் என்று அதன் கையேடே சொல்கிறது. கடைசிக் கட்ட வால்வுகளின் சூடு பெட்டியெங்கும் பரவி அடங்கத்தான் அந்த ஒரு மணி நேரம்.

பிட்எக்ஸ் குடும்பத்திலேயே பின்னால் டிஜிட்டல் விஎஃப்ஓ வந்தது. குரல் இப்போது நிலையாக நிற்கிறது. நல்ல வசதிதான். இருந்தாலும் ஒரு பழைய செட் கைக்கு வந்தால், எவ்வளவு நழுவுகிறது என்பதோடு நிறுத்தாமல், எந்தத் திசையில் போய் எப்படித் திரும்புகிறது என்றும் கேட்டுப் பாருங்கள். கட்டியவர் எந்தக் கெப்பாசிட்டரை எங்கே வைத்திருப்பார் என்று மூடியைத் திறக்காமலே ஊகித்துவிடலாம்.