இரக்க இலக்கியமும் அகதியின் எழுத்தும்

அகதிகளைப் பற்றி நம்மவர் எழுதும் கதைகளைத் தொடர்ந்து படித்து வருவோர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். அவற்றிலே குழந்தை எப்பொழுதும் அழுதுகொண்டேயிருக்கும்; தாய் எப்பொழுதும் கையேந்தி நிற்பாள்; அரிசி மூட்டையுடன் வந்து சேரும் தருமவானே கதாநாயகனாக விளங்குவான். அகதியின் வாயினின்று ‘நன்றி’ என்பதன்றி வேறு சொல் பிறப்பதில்லை. இதனை இரக்க இலக்கியம் என்று அழைக்கலாம். இரக்கம் குற்றமன்று. ஆனால், படிப்பவன் தன் நல்லுள்ளத்தைத் தானே மெச்சிக்கொண்டு ஏட்டை மூடிவிடுவானாயின், அதனால் அகதிக்கு விளைந்த நன்மை யாது?

இதற்கு நேர்மாறான நூலொன்று தமிழில் உண்டு. தொ. பத்தினாதன் எழுதி, 2007இல் காலச்சுவடு பதிப்பகத்தார் வெளியிட்ட ‘போரின் மறுபக்கம்’ என்பதே அது. இலங்கைப் போரினால் 1990இல் தமிழகம் புகுந்து, முகாம் வாழ்வை அனுபவித்த ஒருவர் தம் கதையைத் தாமே கூறுகிறார். நாவலின் இனிமையை நாடுவோர் இதில் ஏமாறுவர். ஆயினும் இங்கே அகதி காட்சிப்பொருள் அல்லன். பார்ப்பவனும் கேள்வி கேட்பவனும் அவனே. இந்நூலின் பெருமை அதுவேயாம்.

தமிழக முகாம்களில் சர்க்காரின் உதவித் தொகை உண்டு. அதனுடன் ஆட்கணக்கும் உண்டு. தோட்டத்திலே செக்ரோல் எழுதும் கிராணியாகிய எமக்கு இவ்விடத்தில் ஒரு வேற்றுமை தோன்றுகிறது. பெரட்டில் பெயர் விழுந்தால் அது உழைப்புக்குரிய கூலியாகிறது. தொழிலாளி அதனைக் கேட்டு வாங்கலாம். முகாமிலே பெயர் விழுந்தால் அது பிறர் காட்டும் தயவாகிறது. தயவு எந்நாளும் நிலைக்குமோ? 1991இல் ராஜீவ் காந்தி கொலையுண்டபின், தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் நுழைவது தடுக்கப்பட்டது. அகதி மாணவர்க்குக் கல்லூரிக் கதவுகள் அடைபட்டன. 1996க்குப் பின்னரே அவை மெல்லத் திறந்தன. அம்மாணவர் செய்த குற்றம் என்ன? தயவாகக் கொடுத்ததைக் கோபம் வந்தபோது பறித்துக்கொண்டனர், அவ்வளவே. 2021இல் அகதிகள் முகாம் ‘மறுவாழ்வு முகாம்’ ஆயிற்று. பெயர் மாறியது நன்றே. ஆனால் பெயர் மாற்றம் குடியுரிமை ஆகாது.

இது அக்கரைச் செய்தி என்று கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வாழும் நாம் இருந்துவிடலாகாது. வியட்நாமிய அகதிகளுக்கென நம் கோலாலம்பூரிலேயே சுங்கை பீசி முகாம் 1996 வரை இருந்தது. இன்று முகாம் இல்லை, அகதிகள் இருக்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையொப்பமிடவில்லை. ரொஹிங்யா, சின் முதலிய மக்களின் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை; சமூகத்தார் தாமே நடத்தும் சிறு கல்வி நிலையங்களே அவர்களுக்குப் புகல்.

ஆதலின், எழுத்தாளத் தோழர்களே! அப்பிள்ளைகளின் கண்ணீரை வருணித்தது போதும். அரிசி கொடுப்போர் கொடுக்கட்டும். அதனோடு கல்வி நிலையத்துக்கு நோட்டும் பென்சிலும் சேர்த்துக் கொடுக்கட்டும். அப்பிள்ளை தன் கதையைத் தானே எழுதும் நாளில், அதில் நம்மைப் பற்றி நன்றி மட்டுமே இராது, கேள்வியும் இருக்கும். அதனையும் அச்சிடும் துணிவு நம் பத்திரிகைகளுக்கு வேண்டும்.